எந்த நாளில் ஆரம்பித்தது என்று அவனுக்கே தெரியவில்லை

நிழல்மரம்

என் தம்பிக்கு 22 வயது. அவன் போதை மாத்திரைக்குப் பழகிவிட்டான் என்று எனக்குத் தெரியவந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பக்கத்து அறைதான்.

போன வாரம் கோபமில்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எப்போதுடா ஆரம்பித்தாய்?" அவன் உண்மையாகவே ரொம்ப நேரம் யோசித்தான். கடைசியில், "எதை ஆரம்பம் என்று சொல்வது அண்ணா?" என்றான். நழுவுவதற்காகச் சொன்னதில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

15 வயதில் ஒரு சிகரெட். 17-இல் வாரக் கடைசியில் கஞ்சா. தேர்வு நேரத்தில் விழித்திருக்க ஒரு மாத்திரை, விழித்தது போதும் என்று தூங்க இன்னொன்று. அப்புறம் விளையாட்டில் தோளில் அடிபட்டபோது மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை. வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து ஒரே ஒரு படி தூரம்தான். எங்கே நின்று "இதுதான் பள்ளம்" என்று காட்டுவது?

நானும் எதையும் பார்க்காமல் இல்லை. பகலெல்லாம் தூங்கினான், வயசு என்று நினைத்தேன். விளையாடப் போவதை நிறுத்தினான், படிப்பு என்று நினைத்தேன். சட்டென்று எரிந்து விழுந்தான், காதல் தோல்வி என்று நானே கதை கட்டிக்கொண்டேன்.

சறுக்கல் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். அடித்துத் திருத்து என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அப்பா அதைச் செய்து பார்த்துவிட்டார்.

நாலாவதுவருடம்

நான் விட்டு நாலு வருடம் ஆகிறது. உங்கள் தம்பி சொன்ன பதில்தான் என் பதிலும்.

எல்லோரும் நண்பர்கள்தான் கெடுத்தார்கள் என்பார்கள். ஆமாம், முதலில் கையில் கொடுத்தது நண்பன்தான். ஆனால் அன்று அங்கே ஐந்து பேர் இருந்தோம். மூன்று பேருக்கு அது ஒரு ராத்திரிக் கூத்து, மறந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் அதையே நினைத்துக்கொண்டு எழுந்தது நான்தான். காரணம் சுகம் இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்குள் ஒரு பயம் உண்டு. நாலு பேர் இருக்கும் அறைக்குள் நுழைந்தாலே நெஞ்சு இறுகும். அன்றைக்கு முதல் தடவையாக அந்த இறுக்கம் இல்லை. மற்றவர்கள் எல்லாம் தினமும் இப்படித்தான் இருக்கிறார்களா என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. மற்ற நால்வருக்கும் கிடைத்தது போதை. எனக்குக் கிடைத்தது நிம்மதி. ஆபத்து அங்கேதான் இருந்தது.

அதற்குப் பிறகு விதிகள் போட ஆரம்பித்தேன். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் எனக்குத் தெரிந்து எல்லோரும் விதி போடுகிறார்கள். சனிக்கிழமை மட்டும். தனியாக ஒருபோதும் இல்லை. சொந்தக் காசில் வாங்குவதில்லை. வேலைக்குப் போகும் முன் தொடவே மாட்டேன். ஊசி மட்டும் கிடையாது.

ஒவ்வொன்றையும் நானே போட்டேன், நானே உடைத்தேன். உடைத்த நாளில் வானம் இடிந்து விழவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன், அம்மாவுடன் சிரித்துப் பேசினேன். ஒன்றும் ஆகவில்லையே என்றதும் அந்த விதி தானாகச் செத்துப்போகும். அடுத்த விதியைக் கொஞ்சம் கீழே தள்ளி வைப்பேன். அது மட்டுமல்ல, என்னை விட மோசமானவன் ஒருவன் எப்போதும் இருப்பான். அவனைப் பார்த்து, நான் அவனைப் போல ஆகவில்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்வேன். இரண்டு வருடம் கழித்து அவன் இருந்த இடத்தில் நான் இருந்தேன். அப்போதும் காட்டுவதற்கு இன்னொருவன் இருந்தான்.

இரவுப்பணி

போதை மீட்புப் பிரிவில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். மேலே அவர் சொன்ன விதிக் கதையை வேறு வேறு குரல்களில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

டோப்பமின் என்றால் இன்பம் தரும் ரசாயனம் என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதிதான் சரி. கென்ட் பெரிட்ஜ், டெரி ராபின்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1993-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: மூளையில் ஒன்றை விரும்பி ரசிப்பது வேறு, அது வேண்டும் வேண்டும் என்று இழுப்பது வேறு. டோப்பமினுக்கு அதிகத் தொடர்பு இந்த இழுப்போடுதான். பழக்கம் முற்ற முற்ற ரசிப்பு குறைகிறது, இழுப்பு மட்டும் ஏறுகிறது. "எனக்கு இது பிடிக்கவே இல்லை சிஸ்டர், ஆனால் வேண்டும்" என்று பையன்கள் சொல்லும்போது வீட்டுக்காரர்கள் பொய் என்பார்கள். பொய் இல்லை.

இரண்டாவது, தாங்குதிறன். முதலில் கொடுத்த விளைவைப் பிறகு அதே அளவு கொடுக்காது, அதனால் அளவு ஏறும். போதை தரும் தளர்ச்சியை ஈடுகட்ட உடம்பு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்துப் பழகிவிடுகிறது. மருந்து இறங்கியதும் அந்த எதிர் இழுப்பு மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, காரணமில்லாத பயம். இந்தக் கட்டத்தில் அவன் எடுத்துக்கொள்வது போதை ஏறுவதற்காக இல்லை. எழுந்து நின்று பல் தேய்ப்பதற்காக.

மூன்றாவது வயசு. "வேண்டாம், நில்" என்று சொல்லும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. ஆசையையும் பரபரப்பையும் தூண்டும் பகுதிகள் அதற்கு முன்பே சூடாகிவிடுகின்றன. அதனால் 15 வயதில் தொடுவதும் 30 வயதில் தொடுவதும் ஒன்றில்லை. அமெரிக்காவில் 1994-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின்படி, ஒரு தடவையாவது எடுத்தவர்களில் பின்னால் அடிமையானவர்கள் புகையிலையில் 32 சதவீதம், ஹெராயினில் 23, கோகெயினில் 17, மதுவில் 15, கஞ்சாவில் 9. கஞ்சாவை விடலைப் பருவத்திலேயே தொடங்கினால் அது ஆறில் ஒருவர் என்ற அளவுக்கு ஏறுகிறது என்று கணிக்கிறார்கள்.

நேர்கோடு

மன்னிக்கவும், நான் மாறுபடுகிறேன். கஞ்சாவில் 9 சதவீதம் என்றால் மிச்சம் 91 பேர் தப்பித்திருக்கிறார்கள். ஹெராயினிலேயே நாலில் மூன்று பேர் அடிமையாகவில்லை. அப்படியானால் பொருளைக் குற்றம் சொல்வது எப்படி? ஆளுக்கு ஆள் மனஉறுதி வேறுபடுகிறது என்பதுதானே அர்த்தம்?

என் மாமா இருபது வருடம் குடித்தார். ஒரே நாளில் விட்டார். யாரும் அவரை நோயாளி என்று சொல்லவில்லை. நோய் என்று பெயர் வைத்துவிட்டால் விட வேண்டிய பொறுப்பு யாருக்கு? உங்கள் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவனிடம் போய் "உன் மூளை அப்படி" என்று சொன்னால் அவன் முயற்சி செய்வதையே நிறுத்திவிடுவான் என்று பயப்படுகிறேன்.

நாலாவதுவருடம்

மனஉறுதி பற்றிச் சொன்னீர்கள். கை நடுங்க, வயிறு பிசைய, மூன்று நாள் தூங்காமல் வேலைக்குப் போய் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். காசு புரட்ட நான் போட்ட உழைப்பை எதில் போட்டிருந்தாலும் உருப்பட்டிருப்பேன். உறுதி என்னிடம் இருந்தது. அது முழுக்க எதிர்ப்பக்கம் வேலை செய்துகொண்டிருந்தது.

ஆனால் உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். என் கவுன்சிலர் முதல் வாரத்திலேயே இரண்டையும் சேர்த்துச் சொன்னார். நீ இங்கே வந்து சேர்ந்தது முழுக்க உன் தப்பு இல்லை, ஆனால் இங்கிருந்து நடக்க வேண்டிய கால் உன்னுடையது. முதல் பாதி இல்லாமல் இரண்டாம் பாதியை மட்டும் கேட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

இரவுப்பணி

நேர்கோடு கேட்டது நியாயமான கேள்வி. 91 பேர் ஏன் தப்பினார்கள் என்பதுதான் நாம் தேட வேண்டியது.

வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாக இருந்ததாகத் தாங்களே சொன்னார்கள். 1971-இல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் திரும்பி வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஆளும் மூளையும் அதே. போர்க்களமும் பயமும் சலிப்பும் இல்லை, கையெட்டும் தூரத்தில் பொருளும் இல்லை.

1970-களின் கடைசியில் கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர் எலிகளை வைத்து ஒன்று செய்தார். தனிக் கூண்டில் அடைத்த எலிகள் மார்ஃபின் என்ற போதை தரும் வலி மருந்து கலந்த நீரை அதிகம் குடித்தன. விளையாட இடமும் கூட்டாளிகளும் இருந்த பெரிய கூண்டில் இருந்தவை மிகவும் குறைவாகக் குடித்தன. பின்னால் வந்த சில சோதனைகளில் அதே முடிவு கிடைக்கவில்லை, அதனால் இதை மட்டும் வைத்து நான் வாதாட மாட்டேன். ஆனால் என் வார்டில் தினம் பார்ப்பது அதோடு ஒத்துப்போகிறது. பதின்வயதில் வீட்டில் அடி, சின்ன வயதில் யாரோ செய்த பாலியல் கொடுமை, கண்டுபிடிக்காமல் விட்ட மனச்சோர்வு, பரம்பரை. இதில் எதுவும் அந்தப் பையன் தேர்ந்தெடுத்தது இல்லை.

நேர்கோடு

படித்தேன். மாமாவைப் பற்றி மறுபடி யோசித்தேன். அவர் விட்டது அவர் மகள் பிறந்த வாரம். வேலை கையில் இருந்தது, அத்தை கூடவே இருந்தார். திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. ஒரே நாளில் விட்டார் என்று நாங்கள் சொல்கிறோமே தவிர, அதற்கு முன் எத்தனை தடவை விட்டுப் பார்த்தார் என்று நான் கேட்டதே இல்லை.

தினமும் முடிவெடுக்க வேண்டியது அவன்தான் என்ற என் கருத்து மட்டும் மாறவில்லை.

நாலாவதுவருடம்

அது மாற வேண்டியதும் இல்லை. இன்று காலையும் நான் முடிவெடுத்தேன்.

இரண்டுபிள்ளைகளின்அம்மா

நான் இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. என் பெரியவனுக்கு 19. மூன்று தடவை அவன் கடனை அடைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் அப்பாவுக்குத் தெரியாமல். கல்லூரிக்கு அவனுக்காக நானே போன் செய்து காய்ச்சல் என்று சொன்னேன். இப்போது யோசித்தால் அவன் சொன்ன பொய்யை விட நான் சொன்ன பொய்தான் அதிகம்.

எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். இளையவளுக்கு 14. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் கதவைச் சாத்திக்கொள்கின்றன, எரிச்சல்படுகின்றன. எது வயசு, எது அது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாடவேளை

அம்மா, உங்களைப் போலவே பொய் சொன்ன எத்தனையோ பெற்றோர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் எல்லோரும் செய்தார்கள்.

18 வருடம் பள்ளியில் பாடம் எடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். மதிப்பெண்ணைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள், அது கடைசியில்தான் விழும். நன்றாகப் படித்துக்கொண்டே பழகியவர்களைப் பார்த்திருக்கிறேன். கதவைச் சாத்துவது வயசு. ஆனால் உயிராக நினைத்த ஒன்றை விடுவதைக் கவனியுங்கள். படம் வரைந்த பிள்ளை பென்சிலைத் தொடவில்லை, ஆடிய பிள்ளை ஷூவை எடுக்கவில்லை, அந்த இடத்துக்கு வேறெதுவும் வரவும் இல்லை. அடுத்தது பழைய நண்பர்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து கூட இருந்தவன் திடீரென்று வீட்டுக்கு வருவதில்லை, கேட்டால் பெயரைக் கூடச் சொல்ல மாட்டான். புது நண்பர்களை வீட்டு வாசலுக்கே கூட்டிவர மாட்டான். காசு, பொருள் காணாமல் போவது, தூக்க நேரம் தலைகீழாவது, கண்ணும் எடையும் மாறுவது எல்லாம் இதற்குப் பிறகு வரும். ஒன்று மட்டும் இருந்தால் பதறாதீர்கள். நாலைந்து சேர்ந்து சில வாரம் நீடித்தால் விசாரணை மாதிரி இல்லாமல் பேச ஆரம்பியுங்கள்.

பயமுறுத்திப் பயன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய டேர் என்ற திட்டத்தில் போலீஸ்காரர்கள் வகுப்புக்கு வந்து போதையை மறுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவியது. பிற்பாடு ஆராய்ந்தபோது, அதில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் போதைப் பயன்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐஸ்லாந்து வேறு வழியில் போனது. பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் விளையாட்டு, இசை, கூடவே பெற்றோரின் நேரம். அங்கே 15, 16 வயதினரில் கடந்த ஒரு மாதத்தில் குடித்துப் போதையானவர்கள் 1998-இல் 42 சதவீதம். 2016-இல் அது 5. சாயங்காலம் நாலு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை ஒரு பிள்ளை எங்கே, யாருடன் இருக்கிறது என்பது நான் வகுப்பில் சொல்லும் எந்த அறிவுரையையும் விடப் பெரியது. ஆசிரியராக இருந்துகொண்டு இதை ஒப்புக்கொள்வது எனக்கு எளிதாக இல்லை.

இரவுப்பணி

ஒரு அவசரமான விஷயம், கவனமாகப் படியுங்கள்.

தம்பியையோ மகனையோ அறையில் பூட்டி, எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் மதுவையும் தூக்க மாத்திரைகளையும் நீண்ட நாள் எடுத்துச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிர் போகலாம். மருத்துவர் பார்வையில்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று நிறையப் பேருக்குத் தெரியாது. வலி மாத்திரை, ஹெராயின் வகையில் பழகியவர் சில வாரம் விட்டிருந்தால் தாங்குதிறன் இறங்கிவிடும். மனம் தளர்ந்து ஒரு நாள் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடலாம். மீட்பு மையத்திலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. "இப்போதுதான் நன்றாக இருந்தான்" என்று கதறும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். மதுவோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். எழுப்பினால் எழவில்லை, குறட்டை விசித்திரமாகக் கரகரக்கிறது, உதடு நீலமாகிறது என்றால் தூங்கி எழட்டும் என்று விடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள். நாலாக்ஸோன் என்ற மருந்து வலி மாத்திரை, ஹெராயின் வகை ஓவர்டோஸை முறிக்கும். உங்கள் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிழல்மரம்

நன்றி சகோதரி. வலி மாத்திரை, ஹெராயின் வகைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் புப்ரெனார்ஃபின் என்ற மருந்தைத் தொடங்கலாம் என்கிறார் மருத்துவர். அப்பா, "ஒரு போதைக்குப் பதிலாக இன்னொரு போதையா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரவுப்பணி

அந்தக் கேள்வி வராத வீடு இல்லை. 1965-இல் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு மெத்தடோன் என்ற இதே மாதிரி மருந்தைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து இந்தச் சிகிச்சை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சரியான அளவில் கொடுத்தால் தலை கிறுகிறுக்காது. இழுப்பும் நடுக்கமும் அடங்கும், அவன் படிக்கலாம், வேலைக்குப் போகலாம். செத்துப்போகும் வாய்ப்பும் நன்றாகக் குறைகிறது. அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: போதை எடுப்பவனின் நாள் முழுக்க அடுத்த வேளையைத் தேடுவதில் போகும். இந்த மருந்து எடுப்பவனுக்கு அந்த நாள் கையில் திரும்பி வருகிறது.

எத்தனை நாள் என்று இப்போதே கேட்காதீர்கள். சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள்.

நாலாவதுவருடம்

நான் அந்த மருந்தில்தான் மீண்டேன். நடுவில் இரண்டு தடவை சறுக்கினேன். இரண்டாவது தடவை அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "எப்போது டாக்டரைப் பார்க்கப் போகலாம்?" என்று மட்டும் கேட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சண்டை போட்டுக்கொண்டு வெளியே போக ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

இரண்டுபிள்ளைகளின்அம்மா

நேற்று இரவு அவன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடன் உட்பட. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அவரிடமும் இரண்டு தடவை என் மகன் வாங்கியிருக்கிறான், எனக்குத் தெரியாமல், என்றார். இனி காசு கையில் கொடுப்பதில்லை, சிகிச்சைக்கு எவ்வளவு ஆனாலும் நேரே கட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

நிழல்மரம்

நாலாவதுவருடம் எழுதிய விதிப் பகுதியை அவனுக்குப் படித்துக் காட்டினேன். உங்களிடம் அனுமதி கேட்காமல் படித்ததற்கு மன்னியுங்கள். பாதியில் அவன் சிரித்தான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனுக்கும் விதிகள் இருந்திருக்கின்றன. அதில் ஒன்று, அண்ணன் வீட்டில் இருக்கும்போது எடுப்பதில்லை. எப்போது உடைத்தாய் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவனுக்குத் தேதி தெரிந்திருந்தது. என் பிறந்தநாள். ராத்திரி நான் அவன் அறைக் கதவைத் தட்டி, வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா என்று கேட்டேனாம். தூக்கம் வருகிறது என்று உள்ளிருந்து சொன்னானாம். எனக்கு அது சுத்தமாக நினைவில்லை.

வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். நான் உள்ளே வரக் கூடாது, ஆனால் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும். சரி என்று சொல்லியிருக்கிறேன். வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.